ரெண்டு வரி மெனு: ஒரு லேப்டாப், ரெண்டு ஓஎஸ், ஒரு தாத்தா

(ஒலிப்பதிவை எழுத்துக்கு மாற்றும்போது பேச்சிலிருந்த தடுமாற்றங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் சென்னையில இல்ல, ஊர்ல இருந்து பேசறேன். செஞ்சி. நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா அது திருவண்ணாமலை ரோட்டுல போற பஸ். பொறுத்துக்கோங்க.

கோட்டையைப் பத்தி ஒரு எபிசோட் போடச் சொல்லி ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. 2025 ஜூலையில மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோட சேர்ந்து எங்க செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினதுக்கு அப்புறம் அந்த மெசேஜ் இன்னும் அதிகமாயிடுச்சு. கண்டிப்பா வரும். ஆனா இன்னைக்கு வேற ஒரு வரலாறு. கோட்டை நடுவுல ஒரு தடவை தலைகாட்டும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரை ஆன் பண்ணதும், விண்டோஸ் வேணுமா லினக்ஸ் வேணுமான்னு கேக்கற ஒரு திரை இருக்கு இல்லையா? பூட் மேனேஜர்னு சொல்வோம். நம்மில் பாதிப் பேர் அதைப் பார்த்தே இருக்க மாட்டோம். மீதிப் பேர் ரெண்டு நொடி பார்த்துட்டு என்டர் தட்டிடுவோம். அந்த ரெண்டு நொடித் திரைக்குப் பின்னாடி நாற்பது வருஷச் சண்டை இருக்கு. எங்க வீட்ல ஒரு சின்ன இழப்பும் இருக்கு. அங்கிருந்தே ஆரம்பிக்கறேன்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்னைக்குத்தான் ஜெயலலிதா அரசு மாணவர்களுக்கான இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. முதல் வருஷத்துக்கு மட்டும் எல்காட் நிறுவனம் கேட்ட டெண்டர் 9.12 லட்சம் லேப்டாப்புக்கு. எங்க அக்கா அப்போ அரசுப் பள்ளியில ப்ளஸ் டூ. நான் ஒன்பதாவது. 2012-ல அந்த லேப்டாப் எங்க வீட்டுக்கு வந்தப்போ, எங்க தெருவுக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர்னு நினைக்கறேன். தாத்தா அதுக்குக் குங்குமம் வெச்சார். மூடி மேல வெச்சார், கீபோர்டு மேல வைக்காம விட்டதுக்கு நன்றி.

ஆன் பண்ணா கறுப்புத் திரையில ரெண்டு வரி. ஒண்ணு விண்டோஸ் 7. இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். பாஸ்னா ரஜினி சொல்ற பாஸ் இல்ல. ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம். சென்னையில இருக்கற சி-டாக் மையத்தில் உருவானது. டெபியன் லினக்ஸை அடிப்படையா வெச்சு, தமிழ் உள்பட இந்திய மொழிகள்ல மெனு, எழுத்துரு, தட்டச்சு எல்லாம் சேர்த்து 2007-ல் வெளியிட்டாங்க. அரசாங்கக் காசுல வாங்கற கம்ப்யூட்டர்ல ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோட ஓஎஸ் மட்டும் எதுக்குங்கற கேள்வி தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள்ல அதுக்கு முன்னாடியே இருந்தது. உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்த காலத்துல அந்த நிறுவனமே லினக்ஸுக்கு மாறியிருந்தது. அந்தக் கேள்விக்கான பதில்ல ஒரு பாதிதான் எங்க அக்கா லேப்டாப்போட ரெண்டாவது வரி.

எங்க வீட்ல அந்த ரெண்டாவது வரியை முதல்ல தேர்ந்தெடுத்ததுக்கு எந்தக் கொள்கையும் காரணமில்ல. காரணம் நடிகர் சூர்யா. லேப்டாப்ல இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். விலை குறைஞ்ச கம்ப்யூட்டர்களுக்குன்னு வந்த பதிப்பு. அதுல டெஸ்க்டாப் படத்தை மாத்தவே முடியாது. மாத்தறதுக்கான வசதியையே எடுத்துட்டாங்க. அக்கா ரெண்டு நாள் தேடினா. மூணாவது நாள் கீழ இருந்த வரியை அழுத்திப் பார்த்தா. பாஸ் லினக்ஸ் திறந்தது, வலது க்ளிக், படம் மாறிடுச்சு. அதுலருந்து அவளுக்குப் படிக்கறதுன்னா விண்டோஸ், மத்த எல்லாத்துக்கும் லினக்ஸ். வீட்ல யாரும் அதை லினக்ஸ்னு சொல்ல மாட்டோம். ‘சூர்யா பக்கம்’னுதான் சொல்வோம்.

அந்த மே மாசம் ஒரு மத்தியானம், சூர்யா பக்கத்துல இருந்தப்போ, அக்கா தாத்தாவை உட்கார வெச்சு தேசிங்கு ராஜா கதையைச் சொல்லச் சொல்லி லேப்டாப் மைக்ல பதிவு பண்ணா. தாத்தாவுக்குப் படிப்பு கிடையாது. கமிட்டிக்கு நெல்மூட்டை ஏத்திட்டுப் போற மாட்டுவண்டியில கேட்டுக் கேட்டே கதையை வெச்சிருந்தார். அந்த வருஷக் கடைசியில அவர் தவறிட்டார்.

2013-ல பென் டிரைவ் வழியா வைரஸ் வந்து விண்டோஸ் படுத்துடுச்சு. ஒரு கடையில கொடுத்தோம். கடைக்காரர் நல்ல மனுஷன்தான், அக்காவோட பாட நோட்ஸை எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சுட்டு விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஆன் பண்ணா நேரா விண்டோஸ். ரெண்டு வரி காணோம். சூர்யா பக்கம் காணோம். தாத்தா குரலும் அதுக்குள்ளதான் இருந்தது. “லினக்ஸா? அது ஃபார்மேட் ஆயிருக்கும்மா”ன்னு அவர் போன்ல சொல்லிட்டார். அக்கா அன்னைக்குச் சாப்பிடல.

இப்போ, அந்த ரெண்டு வரி எங்கே இருந்துச்சு? அது தெரிஞ்சாத்தான் அது எங்கே போச்சுன்னு தெரியும்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தப்போ அதுல ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. 1983-ல எக்ஸ்டி மாடல்ல ஹார்ட் டிஸ்க்கோட வந்தது. அதோட வந்த டாஸ் 2.0, டிஸ்க்கை நாலு பங்கா பிரிக்கற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. டிஸ்க்கோட முதல் 512 பைட்டுக்குப் பேரு மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமா எம்பிஆர். கம்ப்யூட்டர் உயிர்பெற்றதும் பயாஸ் அந்த 512 பைட்டைப் படிக்கும், அதுல இருக்கற நிரலை ஓட்டும். அதோட அதன் வேலை முடிஞ்சது. இந்த 512-ல 64 பைட் நாலு பங்குகளோட பட்டியலுக்கு. கடைசி 2 பைட் அடையாளக் குறி. மிச்சம் 446. ஒரு உதாரணம் சொல்றேன். இன்னைக்கு நாம தமிழ் எழுதற யூனிகோடு முறையில ‘வணக்கம்’னு எழுத 21 பைட் வேணும். இடைவெளி விடாம 21 வணக்கம் போட்டா அந்த இடம் தீர்ந்துடும். அவ்வளவு சின்ன இடம்தான் ஒரு கம்ப்யூட்டர் யாருக்குச் சொந்தம்னு முடிவு பண்ணிச்சு.

அந்த இடம் ஒண்ணே ஒண்ணுதான். இதைக் கவனிங்க. பங்கு நாலு இருக்கலாம், ஓஎஸ் நாலு இருக்கலாம், ஆனா வாசல் ஒண்ணு. கடைசியா யார் எழுதினாங்களோ அவங்க எழுத்துதான் நிக்கும்.

1992-ல ஐபிஎம்மோட ஓஎஸ்/2 ஒரு நாகரிகமான வழி கொண்டுவந்தது. பூட் மேனேஜருக்குன்னே ஒரு குட்டிப் பங்கு ஒதுக்கி, டாஸா ஓஎஸ்/2-வான்னு ஒரு பட்டியல் காட்டும். அதே காலத்துல லினக்ஸுக்கு வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் லிலோ எழுதினார். லினக்ஸ் லோடர் என்பதன் சுருக்கம். லிலோவுக்கு ஃபைல், ஃபோல்டர் எதுவும் புரியாது. கெர்னல் டிஸ்க்ல எந்தெந்தக் கட்டத்துல இருக்குன்னு எண்ணாக் குறிச்சு வெச்சிருக்கும். நீங்க கெர்னலை மாத்திட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தீங்கன்னா, அது பழைய விலாசத்துக்குப் போய் கதவைத் தட்டும், ஆள் இருக்க மாட்டாங்க. அடுத்து 1995-ல எரிக் போலின் க்ரப்பை ஆரம்பிச்சார். க்ரப்புக்கு ஃபைல் அமைப்பு புரியும், பேரைச் சொன்னா தேடி எடுக்கும். எங்க அக்கா லேப்டாப்ல ரெண்டு வரி காட்டினது க்ரப்தான்.

லினக்ஸ் பக்கம் இருந்தவங்க எழுதின எல்லா பூட் மேனேஜரும் விண்டோஸையும் பட்டியல்ல சேர்த்துக்கிட்டாங்க. விண்டோஸை நிறுவினா? அது எம்பிஆர்ல தன் நிரலை எழுதிடும். பக்கத்து வீட்ல யார் இருக்காங்கன்னு எட்டிக்கூடப் பார்க்காது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய்ப் பார்த்தா லினக்ஸ் பங்கு இருக்கும், அளவு காட்டும், உள்ள என்ன வகை ஃபைல் அமைப்புங்கற இடம் மட்டும் காலியா இருக்கும். எங்க கடைக்காரர் அதைப் பார்த்துட்டுத்தான் ‘ஒண்ணுமில்ல’ன்னு நினைச்சிருப்பார். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

இங்கேதான் கோட்டை வருது. ராஜகிரி ஏறினவங்களுக்குத் தெரியும். மூச்சு வாங்க ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி பாறை பிளந்து ஒரு பள்ளம் இருக்கும். அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துட்டா அந்தப் பக்கம் பத்துப் பேர் இருந்தாலே போதும். 1649-ல பீஜப்பூர், 1677-ல சிவாஜி, 1698-ல முகலாயர், 1750-ல பிரெஞ்சுக்காரர், 1761-ல ஆங்கிலேயர்னு கை மாறிட்டே இருந்த கோட்டை இது. உள்ள களஞ்சியம், கல்யாண மகால், குளம் எல்லாம் அப்படியே இருந்தது. யார் உள்ள வரலாம்னு தீர்மானிக்கற ஆள்தான் மாறினார்.

அந்தப் பாலத்துக்கு நடந்த சண்டையிலேயே எனக்கு ரொம்ப வருத்தமான கதை பிஓஎஸ் கதை. ஆப்பிள்ல பெரிய பதவியில இருந்த ழான்-லூயி காஸே 1990-ல வெளியே வந்து தொடங்கின நிறுவனம் பி. அவங்களோட ஓஎஸ்தான் பிஓஎஸ். வீடியோ, ஆடியோன்னு மல்டிமீடியாவுக்காகவே செதுக்கினது. அந்தக் காலத்து மெஷின்லயே பல வீடியோக்களை ஒரே நேரத்துல ஓட விட்டுக் காட்டுவாங்க. விண்டோஸை விரட்டணும்னு அவங்க சொல்லல. விண்டோஸ் இருக்கட்டும், பக்கத்துல எங்களையும் வெச்சு, ஆன் பண்ணும்போது ஒரு மெனு காட்டுங்கன்னுதான் கேட்டாங்க. பூட் மேனேஜரையும் அவங்களே எழுதி வெச்சிருந்தாங்க. கம்ப்யூட்டர் தயாரிக்கற நிறுவனங்களுக்கு ஓஎஸ்ஸை இலவசமாவே கொடுக்கவும் தயாரா இருந்தாங்க.

ஜப்பான்ல ஹிட்டாச்சி முன்வந்தது. ஃப்ளோரா ப்ரையஸ்னு ஒரு மாடல். விண்டோஸ் 98, பிஓஎஸ் ரெண்டும் டிஸ்க்ல இருந்தது. ஆனா மெஷினை ஆன் பண்ணா மெனு வராது. நேரா விண்டோஸ். பிஓஎஸ் உள்ளேயே இருக்கு, வாங்கினவருக்குத் தெரியாது. அதை வெளியே கொண்டுவரணும்னா ஃப்ளாப்பி போட்டு, குறிப்புகளைப் படிச்சுத் தனியா வேலை செய்யணும். யார் செய்வாங்க? மைக்ரோசாஃப்ட் கம்ப்யூட்டர் நிறுவனங்களோட போட்டிருந்த உரிம ஒப்பந்தங்கள்தான் இப்படி மெனுவை மறைக்க வெச்சதுன்னு பி குற்றம்சாட்டியது. 2001-ல பி நிறுவனத்தோட தொழில்நுட்பத்தை பாம் நிறுவனம் 1.1 கோடி டாலருக்கு வாங்கிக்கிச்சு. 2002-ல பி வழக்குப் போட்டது. 2003-ல மைக்ரோசாஃப்ட் எந்தத் தப்பையும் ஒப்புக்கொள்ளாமலே 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து வழக்கை முடிச்சது. வழக்கு முடிஞ்சப்போ ஓட்டறதுக்கு பிஓஎஸ்ஸும் இல்ல, பி கம்பெனியும் இல்ல.

நான் வேலையில தினமும் மெனு, பட்டன், டீஃபால்ட் தேர்வுன்னுதான் குப்பை கொட்டறேன். ஒரு பொருள் இருக்கறது வேற, அது பட்டியல்ல இருக்கறது வேறங்கறதை எனக்கு இதைவிடத் தெளிவா எந்தப் பாடமும் சொல்லித் தரல.

சரி, படம் போட்ட மெனு எப்போ வந்துச்சு? தொண்ணூறுகள்ல பவர்க்வெஸ்ட் நிறுவனத்தோட பூட்மேஜிக் மாதிரி காசு கொடுத்து வாங்கற மென்பொருள் இருந்தது. ஆனா பெரிய மாற்றம் வேற பக்கத்துலருந்து வந்தது. பயாஸுக்குப் பதிலா இன்டெல் உருவாக்கின இஎஃப்ஐ. 2005-ல பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு அமைப்பா ஆகி, அது யூஇஎஃப்ஐ ஆனது. இதுல 446 பைட் கஞ்சத்தனம் கிடையாது. டிஸ்க்ல சாதாரணமா ஒரு பங்கு, அதுக்குள்ள ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் ஒரு ஃபோல்டர். விண்டோஸ் தன் ஃபோல்டர்ல எழுதும், லினக்ஸ் தன் ஃபோல்டர்ல. ஒருத்தர் எழுத்தை இன்னொருத்தர் அழிக்க வேண்டிய அவசியமே இல்ல. எந்த ஃபோல்டருக்கு முதல் மரியாதைங்கற வரிசை மட்டும் மதர்போர்டு நினைவகத்துல இருக்கும். அழிப்புச் சண்டை போய் வரிசைச் சண்டை வந்துச்சு. கோயில் திருவிழால யாருக்கு முதல்ல பரிவட்டம்னு நடக்குமே, அது மாதிரி.

2006 ஜனவரியில ஆப்பிள் இன்டெல் சிப்போட மேக் வெளியிட்டப்போ அதுல இஎஃப்ஐதான் இருந்தது. அந்த மேக்ல விண்டோஸ் எக்ஸ்பியை ஓட்டிக் காட்டறவங்களுக்குப் பரிசுன்னு இணையத்துல பொதுமக்களே காசு சேர்த்தாங்க. 13,000 டாலருக்கு மேல சேர்ந்தது. மார்ச்ல ரெண்டு பேர் ஜெயிச்சுட்டாங்க. அடுத்த மாசமே ஆப்பிள் தானா பூட் கேம்ப்பைக் கொண்டுவந்தது. அந்த வருஷமே கிறிஸ்டோஃப் ஃபிஸ்டரர் ரீஃபிட் எழுதினார். ஆன் பண்ணா சாம்பல் நிறத் திரையில ஆப்பிள் ஒரு ஐகான், விண்டோஸ் ஒரு ஐகான், பென்குயின் ஒரு ஐகான். அம்புக்குறியில நகர்த்தி என்டர். அது நின்னுபோனதும் 2012-ல ராட்ரிக் ஸ்மித் அதை எடுத்து, மேக் மட்டுமில்லாம எல்லா யூஇஎஃப்ஐ மெஷினுக்கும் ஓடற மாதிரி ரீஃபைண்ட்னு வளர்த்தார். நான் இன்னைக்கு என் மெஷின்ல வெச்சிருக்கறது அதுதான். விண்டோஸ், உபுண்டு, இன்னொரு சோதனை லினக்ஸ், மூணும் ஐகானா நிக்கும்.

ரீஃபைண்ட்ல எனக்குப் பிடிச்சது அழகு இல்ல. க்ரப் ஒரு எழுதி வெச்ச பட்டியலை வாசிக்கும். புது ஓஎஸ் வந்தா யாராவது பட்டியலைத் திருத்தணும். ரீஃபைண்ட் ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் டிஸ்க்கைச் சுத்திப் பார்த்து, “இவங்க இவங்க இருக்காங்க”ன்னு சொல்லும். பென் டிரைவ்ல ஒண்ணு இருந்தா அதையும் சேர்த்துக் காட்டும். யாரும் பதிவு பண்ண வேண்டியதில்ல. இருந்தாலே பட்டியல்ல வந்துடுவாங்க.

சண்டை முடிஞ்சுதான்னா, இல்ல. 2012-ல விண்டோஸ் 8-ஓட செக்யூர் பூட் வந்தது. கையெழுத்து இல்லாத பூட் நிரலை மெஷின் ஓட்டாது. வைரஸ் அடியில நுழையாம இருக்க நல்ல ஏற்பாடுதான், ஆனா கையெழுத்துப் போடற சாவி மைக்ரோசாஃப்ட் கையில. அப்போ ரெட் ஹேட்ல இருந்த மேத்யூ காரெட் மாதிரியானவங்க ஷிம்னு ஒரு சின்ன நிரல் எழுதி, அதுக்கு மைக்ரோசாஃப்ட்கிட்டயே கையெழுத்து வாங்கி, அது வழியா லினக்ஸை உள்ள கூட்டிட்டு வந்தாங்க. 2024 ஆகஸ்ட்ல வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய ஷிம் இருந்த பல மெஷின்கள்ல லினக்ஸைத் திறக்கவே விடல. ரெண்டு ஓஎஸ் வெச்சிருக்கற மெஷின்கள்ல அது இறங்காதுன்னுதான் சொல்லியிருந்தாங்க. அதைக் கண்டுபிடிக்கறதுலயே கோட்டை விட்டுட்டாங்க. அதனால இதைக் கேட்டுட்டு இன்னைக்கு ராத்திரியே ரெண்டாவது ஓஎஸ் போடப் போறவங்களுக்கு: முதல்ல பேக்கப். பிட்லாக்கர் இருந்தா அதோட மீட்புச் சாவியைத் தனியா எழுதி வெச்சுக்கோங்க. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைச்சிடுங்க, இல்லன்னா லினக்ஸ்லருந்து அந்த டிஸ்க்ல எழுதும்போது சிக்கல் வரும்.

எங்க வீட்டுக் கதையோட மிச்சம் 2016-ல நடந்தது. நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல்ல ஒரு சீனியர் எம்பிஆர் பத்திப் பேசிட்டு இருந்தப்போ, ‘அந்த 512 பைட் போனா உள்ள இருக்கறது போகாது’ன்னு போகிற போக்குல சொன்னார். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. சனிக்கிழமை பஸ் பிடிச்சு ஊருக்கு வந்தேன். லேப்டாப் பீரோ மேல தூசியோட இருந்தது. பேட்டரி செத்துப்போச்சு, சார்ஜர்லதான் ஓடும். பழைய பயாஸ் மெஷின், அதனால ரீஃபைண்ட் எல்லாம் இங்க உதவாது. உபுண்டு பென் டிரைவ் போட்டு ஆன் பண்ணேன். டிஸ்க் பட்டியல்ல விண்டோஸ் பங்குகள். அதுக்குக் கீழ, இஎக்ஸ்டி4. மூணு வருஷமா அங்கேயே இருந்திருக்கு. க்ரப்பை எம்பிஆர்ல மறுபடி எழுத ரெண்டு கட்டளை. ரீஸ்டார்ட். கறுப்புத் திரை, ரெண்டு வரி.

கீழ இருந்த வரியை அழுத்தினேன். முதல்ல வந்தது சூர்யா. அக்காவுக்குப் போன் பண்ணேன். “டேய், தொடாதடா எதையும், நான் வரேன்”னா. அவ திண்டிவனத்துலருந்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆச்சு. நானும் தொடல.

அந்தப் பதிவு பதினோரு நிமிஷம். ஃபேன் சத்தம் இருக்கு, நடுவுல ஆயா வந்து காபி வேணுமான்னு கேக்கறாங்க, தாத்தா கதையை நிறுத்தாம வேணாம்னு சொல்றார். 1714-ல ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோட தேசிங்கு மோதின கதையை, நேத்து கமிட்டில நடந்த தகராறு மாதிரி சொல்றார். கோட்டை எபிசோட் எப்போன்னு கேட்டீங்களே, அதுக்கு முன்னாடி இதுல கொஞ்சம் போடறேன். அக்காகிட்ட அனுமதி வாங்கிட்டேன்.

(இங்கே ஒலிப்பதிவில் தாத்தாவின் குரல், சுமார் ஒன்றரை நிமிடம்.)